எட்டு சிலிண்டர்

சோஹாரில் என் பம்புக்கு வரும் வண்டிகள்
எஞ்சினை அணைப்பதில்லை.
கண்ணாடி ஒரு விரல் இறங்கும்.
உள்ளிருந்து குளிர் வந்து "ஃபுல்" என்னும்.

ஏசி மெக்கானிக் ஜெயசிங் மட்டும்
நாலு கண்ணாடியும் திறந்தே வருவான்.
முதலாளியின் மச்சான் கழித்துவிட்ட
எட்டு சிலிண்டர் பாட்ரோல்.
வாங்கின விலையை ஊருக்கே சொல்வான்,
அது குடிக்கிற கணக்கைச் சொல்லமாட்டான்.

"மூணு ரியாலுக்குப் போடு."
முள் எழுந்திருக்கப் பார்த்து
மறுபடி படுத்துக்கொள்ளும்.

சின்னதாய் ஒன்று வாங்கியிருக்கலாமே என்றேன்.
"ஹைவேயில லாரிக்குப் பக்கத்துல
சின்ன வண்டியில போய்ப் பாரு, தெரியும்."
பிறகு குரலை இறக்கி,
"இதுல போனா வாட்ச்மேன்
கேட்டைத் திறந்துட்டுத்தான்
யாருன்னு பாக்குறான்."

ஊர் ஏசியெல்லாம் சரிசெய்கிறவன்
ஏசி போடாமல் போகிறான்
ஆகஸ்டில்,
முதுகோடு சட்டை ஒட்ட.
சிக்னல் சிவந்தால் தூரத்திலேயே நியூட்ரல்.

நேற்று அவனுக்குப் பின்னால்
ஒரு புது லெக்ஸஸ் ஹாரனை விடவேயில்லை.
எடுக்குமுன் நாஸிலைத் தட்டினேன்,
குழாயில் நின்ற சொட்டுக்காக.
ஒன்று. இரண்டு.
பக்கக் கண்ணாடியில் ஜெயசிங்கின் கண்கள்
மூன்றாவதற்குக் காத்திருந்தன.