திருகு நின்ற அளவு

மாமாவின் நிலவறையில்
அரங்களும் சுத்தியல்களும் ஆளுக்கொரு ஆணியில்.
இது மட்டும் ஒரு காலுறைக்குள்,
முடிச்சுப் போட்டு.

உள்ளங்கை அளவு இரும்பு.
இரண்டு உதடு, நடுவே விரல் தடித்த உருண்டைக் கல்,
பக்கத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சித் திருகு.
சமையலறைத் தராசு முந்நூற்று நாற்பது கிராம் என்றது.
வேறொன்றும் சொல்லவில்லை.

"பாக்குவெட்டியோ?" என்றாள் மாமி,
தானே சிரித்துவிட்டு.
குழாய் திருத்த வந்தவர் குழாய்க்கு இல்லை என்றார்.
பிராம்டனில் இருந்து மச்சான்
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து
குதிரைக் குளம்புக்கு என்று அடித்துச் சொன்னான்.
சட்பரியில், நிக்கல் உலையில்
முப்பத்தொரு வருடம் இரவு வேலை செய்த
குலவீரசிங்கத்துக்கு ஏது குதிரை?

கடைசியில் ஐலா.
ஐஸ் அரங்கில் தரை மெழுகும் வண்டி ஓட்டுபவள்.
கேள்வி முடியுமுன் வாங்கினாள்.
தன் சறுக்குச் சப்பாத்தை முழங்காலில் கவிழ்த்து
தகட்டின் மேல் வைத்தாள்.
நுழையவில்லை.
என் மகளின் ஒற்றைச் சப்பாத்தைக் கழற்றச் சொன்னாள்.
அதில் போய் உட்கார்ந்தது.
ஒரே இழுப்பு.
சர்ர்.

"கல்லைப் பார், எத்தனை குளிர்காலம் தேய்ந்திருக்கிறது.
திருகு நிற்கிற இடத்தைப் பார்,
சின்னப் பிள்ளையின் அளவு."

மாமாவா?
நெய் சிந்திய தரையில் நடப்பவர்போல
பனியில் அடிமேல் அடி வைத்தவர்.
வாசலுக்கு மூன்று தரம் உப்புப் போட்டவர்.
அந்த வீட்டில் பிள்ளை இல்லை.
அதை யாரும் உரக்கச் சொன்னதும் இல்லை.

மாமி தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே இருந்தாள்,
அது ஆறி வெகுநேரமான பிறகும்.
"பகலிலை நித்திரை எண்டுதான் நினைச்சிருந்தன்" என்றாள்.
பிறகு,
"சின்னன் எண்டால், எவ்வளவு சின்னன்?"

மகளின் பாதத்தை
இரண்டு கைகளுக்கு நடுவே காட்டினேன்.
கைகளை எடுத்த பிறகும்
அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது ராம்சி ஏரிப் பக்கம் போனால்
காரை நிறுத்தச் சொல்கிறாள்.
கண்ணாடியை இறக்குவதில்லை.
சறுக்குகிற பிள்ளைகளை அல்ல,
கரையில் குனிந்து
அவர்களுக்கு வார் கட்டிவிடும் பெரியவர்களைப் பார்க்கிறாள்,
வளர்ந்து முடிந்த கால்களை.

துருவுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்துக் கொடுத்தேன்.
அதே காலுறைக்குள் போட்டு முடிச்சிட்டாள்.
"எல்லாத்தையும் துடை.
உந்தத் திருகை மட்டும் அசைச்சுப்போடாதை."