ஐந்து நிமிடம்

ஊருக்கு ஆற்றுநீர் இறைத்துக்கொடுத்த கட்டடம் அது.
பம்புகளை நிறுத்திவிட்டுச்
சில வருடம் அதில் நாடாளுமன்றம் நடத்தினார்கள்.
பிறகு நாடாளுமன்றத்தையும் கழற்றிக்கொண்டு
பெர்லினுக்குப் போய்விட்டார்கள்.

பான் நகர மழையில் குடையை மடக்கி
முதியோர் சலுகையில் ஒரு சீட்டு வாங்கினேன்.
முன்பெல்லாம் கழுத்தில் அட்டை தொங்கும்,
காவலர் தலையசைப்பார்.
இன்று வழிகாட்டிப் பெண் ஸ்வான்யே
"இதற்குமுன் வந்திருக்கிறீர்களா?" என்றாள்.
"ஒருமுறை" என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேனோ.

கூடம் சுருங்கிவிட்டது.
இல்லை, அப்போதே இவ்வளவுதான்.
முழங்காலோடு முழங்கால் இடிக்கப்
பரம எதிரிகள் உட்கார்ந்திருந்தார்கள்.
சுவரில் அதே கழுகு.
கொழுத்த கோழி என்போம், தலைவர் காதில் விழாமல்.

மேடைக்குக் கீழே எங்கள் மேசை இருந்த இடத்தில்
தீயணைப்பான் ஒன்று நிற்கிறது.
சுருக்கெழுத்தாளருக்கு ஐந்தைந்து நிமிடம்.
எழுது, எழுந்து போ,
அடுத்தவன் உட்காருவான்.
பத்தொன்பது வருடம் கேட்டேன்,
எந்தப் பேச்சின் முடிவையும் கேட்டதில்லை.
(கைதட்டல்.) (இடப்புறம் சிரிப்பு.)
(குறுக்கீடு: "வெட்கக்கேடு!")
சிரிப்பா, கலகலப்பா, கூச்சலா என்று
தீர்மானித்தது நான்.
இந்தக் குடியரசில் என் அதிகாரம் அவ்வளவு.

தலைநகர் எது என்று வாக்கெண்ணிய இரவிலும்
என் முறை முடிந்திருந்தது.
என் நாற்காலியில் எக்ஹார்ட்.
நான் நடைகூடத்தில், கையில் காகிதக்கட்டு.
சுவருக்கு அப்பால் எதுவோ இடிந்ததுபோல் ஒரு சத்தம்.
ஆனந்தமா அழுகையா, தெரியவில்லை.
எங்கள் வீடு, கணவர் வேலை, பிள்ளையின் பள்ளிக்கூடம்
எல்லாம் அந்தச் சத்தத்துக்குள் இருந்தன.
எக்ஹார்ட் அதை எந்தச் சொல்லுக்குள் அடைத்தான் என்று
இதுவரை புரட்டிப் பார்க்கவில்லை.

"யாராவது பேசுகிறீர்களா?"
ஸ்வான்யே மேடையைக் காட்டினாள்.
பள்ளிப்பிள்ளைகள் கூட்டத்திலிருந்து
லெவென்ட் என்ற பையனைத் தள்ளிவிட்டார்கள்.
ஒலிவாங்கி எட்டவில்லை. எம்பினான்.
"மதிப்புக்குரிய தலைவர் அவர்களே,
எங்கள் பள்ளிக் கழிப்பறைக் கதவு சாத்துவதில்லை."
(பெருஞ்சிரிப்பு.)
"சிரிக்காதீர்கள். நவம்பரிலிருந்தே இப்படித்தான்.
யோனாஸுக்கு நான் காவல் நிற்கிறேன், எனக்கு அவன்.
அதற்குள் மணி அடித்துவிடுகிறது.
ஆகையால் நான் கேட்பது..."

சீட்டின் பின்புறத்தில் பென்சில் ஓடிக்கொண்டிருந்தது.
வளைவு, கொக்கி, புள்ளி.
மளிகைப் பட்டியலுக்குக்கூட
இருபத்தைந்து வருடமாய் அந்த எழுத்தைத் தொடாத கை.

வெளியே பேருந்து ஹாரன் அடித்தது.
ஆசிரியர் கூப்பிட, அவன் குதித்து இறங்கி ஓடினான்.

கடிகாரம் பார்த்தேன். இன்னும் இரண்டு நிமிடம் எனக்கு இருந்தது.
எழுந்து பின்னாலேயே ஓடினேன்,
இந்த முட்டியை வைத்துக்கொண்டு, மழையில்.
"தம்பி, என்ன கேட்க வந்தாய்?"
படியில் ஒரு காலோடு திரும்பினான்.
"தாழ்ப்பாள்" என்றான்,
வேறென்ன என்பதுபோல்.

பேருந்து போனபின் அதையும் எழுதிக்கொண்டேன்.
பென்சில், அதனால் கரையவில்லை.
குடை உள்ளேயே இருக்கிறது.
திரும்பப் போனால் ஸ்வான்யே
இன்னொரு சீட்டு வாங்கச் சொல்வாளோ என்னவோ.