வளர்ச்சி இல்லை

முதல் வாரமே அகாரைக் கெடுத்தேன்.
அமிலம் சேர்த்துவிட்டு ஆட்டோகிளேவில் வேகவைத்தால்
அது உறையாது என்று யாரும் சொல்லவில்லை.
தட்டைக் கவிழ்த்ததும்
கஞ்சியாய் வழிந்து என் செருப்பில் விழுந்தது.
நோரைனி சிரித்தாள்.
நானும்தான், கொஞ்சம் தாமதமாக.

அதனால் இப்போது திரவம். ஐந்து குடுவைகள்:
ஏழு, ஆறு, ஐந்தரை, ஐந்து, நான்கு.
பி.எச். மீட்டரின் கண்ணாடிக் குமிழை ஒற்றித் துடைத்து
மஞ்சள் கரைசலில் ஒருமுறை
சிவப்பில் ஒருமுறை முக்கி
பொய் சொல்லாதே என்று பழக்கிவிட்டு
சொட்டுச் சொட்டாக அமிலம் விடுகிறேன்.
ஐந்திலிருந்து நான்கு, பார்க்க ஒரு படிதான்.
இறங்கினால் பத்து மடங்கு.
இந்தப் படிக்கட்டைக் கட்டியவன்
கால் உள்ளவர்களை நினைத்துக் கட்டவில்லை.

எல்லாம் பாலிக் புலாவ் மிஸ்டர் கூவுக்காக.
ஜாதிக்காய்ச் சதையை ஊறவைத்து விற்கிறவர்.
வாங்குகிறவர்கள் புளிப்பைக் குறைக்கச் சொல்கிறார்களாம்.
எதுவரை குறைக்கலாம், கிருமி வராமல்?
மூன்று பாட்டில் வைத்துவிட்டுப் போனார்:
இரண்டு சோதனைக்கு, ஒன்று உங்களுக்கு.
எங்களுடையது அன்று மாலையே காலி.

முப்பத்தேழு பாகை.
ஆட்டும் மேடை குடுவைகளைத் தூங்கவிடவில்லை,
என்னையும்.
இரண்டாம் மணியில் ஏழு லேசாகப் புகைந்தது;
ஐந்தாம் மணியில் அரிசி களைந்த தண்ணீர்.
ஆறு, அதன் பின்னாலேயே.
ஐந்தரை யோசித்தது.
நள்ளிரவுக்கு மேல்
கடன் திருப்ப மனமில்லாதவன் பர்ஸைத் திறப்பதுபோல்
ஐந்து, கொஞ்சமே கொஞ்சம் கலங்கியது.
நான்கை ஜன்னலுக்கு நேரே பிடித்தேன்.
அதன் வழியே
பினாங்குப் பாலத்தின் விளக்குகளை எண்ணலாம்.
எண்ணினேன்.

விடிந்ததும் ஏழை மறுபடி அளந்தால்
அது ஏழு இல்லை. நான்கு புள்ளி ஒன்பது.
யாரும் ஒரு சொட்டு விடவில்லை.
சர்க்கரையைத் தின்று, தின்றதைப் புளிக்கவைத்து
இருந்த இடத்திலேயே ஊற்றிக்கொண்டு
கோடிக் கணக்கில் நின்றுபோயிருந்தன.
மீட்டர்தான் கெட்டுவிட்டதோ என்று
மஞ்சளில் முக்கிப் பார்த்தேன்.
கெடவில்லை.

மூன்றாம் நாளும் நான்கு தெளிவாகவே இருந்தது.
படிவத்தில் இரண்டே கட்டம்:
வளர்ச்சி உண்டு, வளர்ச்சி இல்லை.
இல்லையில் குறியிட்டேன்.
குடுவையைக் கொல்லக் கொண்டுபோகிற வழியில்
ஒரு சொட்டை எடுத்துப் புளிப்பில்லாத குழம்பில் விட்டேன்.
ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.
வெளியே மழை,
குளுகோர் பேருந்து இன்னும் வரவில்லை.

மறுநாள் அந்தக் குழாய்க்குப் பின்னால் விரலை வைத்தேன்.
விரல் தெரியவில்லை.

மிஸ்டர் கூ போனில் கேட்டார்: 'செத்துவிட்டதா?'
'வளரவில்லை' என்றேன்.
'அதுதான் கேட்கிறேன் மிஸ் யோகமலர், செத்துவிட்டதா?'
அவர் பேச்சுக்குப் பின்னால்
பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம்.
இரண்டு நாள் கேட்டேன், கொடுத்தார்.

இல்லை என்ற கட்டத்துக்குக் கீழே
'காத்திருந்தது' என்று எழுதியிருந்தேன்.
டாக்டர் இந்திரகாந்தன் அதை அடித்தார்.
காத்திருப்பதற்கு அலகு கிடையாது,
எண்ணிக்கொண்டு வா.

எண்ணுவதற்குத் தட்டு வேண்டும்.
புது அகார், அமிலம் இல்லாமல்.
நல்லவேளை, கொல்லப்போன குடுவையை
அலமாரியில் மறந்துவைத்திருந்தேன்.
அதிலிருந்து பத்தில் ஒரு மில்லியைத் தடவி
இரவு முழுக்க விட்டு
காலையில் தட்டைக் கவிழ்த்தேன்.
எதுவும் வழியவில்லை.

வெளிச்சத்தில் பிடித்து, நோரைனி சத்தமாக எண்ண
நான் மார்க்கரால் புள்ளி வைத்தேன்.
நாற்பத்தொன்று.
ஓரத்தில் ஒன்று சந்தேகம்;
அதையும் சேர்த்தோம்.