மூன்றாவது நெம்புகோல்

லங்னாவ் டயர்க்கடைக்காரன்
வந்து பார்க்கவே நூற்றெண்பது பிராங்க் என்றான்,
கூலி வேறாம்.
தொலைபேசியை வைத்துவிட்டு மிதிலா சொன்னாள்:
நாமே கழற்றுவோம்.

போன வருடம் முன்சக்கரத்தை
அலவாங்கால் கழற்றப் போய்
றிம்மை நெளித்துவைத்தவன் நான்.
அந்த நெளிவை அவ்வப்போது
விரலால் தடவிக் காட்டுவாள்.
ஒரு சொல் சொல்லமாட்டாள்.

எனவே வெர்னரிடம் போனேன்.
எனக்கு இந்த உழவு இயந்திரத்தை விற்றவர்.
"பின்டயர் என் கையால் போட்டது"
என்று அன்றைக்கு விலையை ஏற்றியவர்.

மரப்பெட்டியைத் திறந்தார்.
பச்சைக் கம்பளித் துணியில் மூன்று பள்ளங்கள்,
இரண்டு நெம்புகோல்கள்.
இடுப்புயர இரும்பு,
நுனி மட்டும் வாத்தின் அலகு.
"மூன்றாவது தம்பி ஃபிரெடியிடம்" என்றார்.
"பதினாறு வருடமாக."
திருப்பிக் கேட்கவில்லையா?
"அவனோடு கதைப்பதில்லை."
பார்வை மட்டும்
எதிர்ச்சரிவின் புகைபோக்கிக்குப் போய்வந்தது.

சனிக்கிழமை. கொட்டிலின் வடக்குச் சுவரோரம்
இன்னும் கொஞ்சம் அழுக்குப் பனி.

தூக்குமுன் நட்டுகளை இளக்கு.
தூக்கியபின் ஜக்கை நம்பாதே,
அச்சுக்குக் கீழே கட்டையை அடுக்கு.
வால்வைக் கீழே திருப்பி ஊசியைக் கழற்ற
பீறிட்டது உப்புநீர்.
பாரத்துக்காக யாரோ நிரப்பியது.
புல்லில் பட்டால் புல் கருகும்,
பீப்பாயில் பிடித்தோம்.
ஒன்று, இரண்டு, மூன்றாவதும் அரைவாசி.

உத்தரத்துக் கப்பிச் சங்கிலியில்
சக்கரம் மெல்லச் சாய்ந்து
யானை படுப்பதுபோலத் தரையில் படுத்தது.
ஆப்பு வைத்து, சம்மட்டி போட்டு,
சுற்றிச் சுற்றி ஒரு மணித்தியாலம்.
துருப்பிடித்த உதடு றிம்மை விட்டு விலகியது,
விருப்பமில்லாத உறவு
ஒரு கதவைத் திறப்பதுபோல.

சவர்க்கார நுரை பூசினோம்.
முதல் நெம்புகோலை நான் அமர்த்த,
ஒரு சாண் தள்ளி இரண்டாவதை அவள் நிமிர்த்த,
இடையில் உதடு மறுபடி உள்ளே நழுவியது.
இந்த வேலைக்கு மூன்று வேண்டும்.
மூன்றாவதாக மிதிலாவின் முழங்கால்.
இன்றைக்கும் அங்கே ஒரு கறுப்பு வட்டம் உண்டு.

டயரைப் புரட்டினோம்.
டொக்.

அந்தச் சத்தம் எங்களுக்குத் தெரியும்.
மூன்று வருடம், ஒவ்வொரு இறக்கத்திலும்,
மெல்லப் போகையில் மட்டும் கேட்ட சத்தம்.
பல்சக்கரப் பெட்டி என்றார்கள்.
அதற்கு ஆயிரத்து நானூறு பிராங்க் கட்டினோம்.
பிறகும் டொக்.

மிதிலா தோள்வரை கையை உள்ளே விட்டாள்.
வெளியே வந்தது
சேறும் உப்பும் தின்ற இரும்பு,
இடுப்புயரம்,
நுனியில் வாத்தின் அலகு.

நாங்கள் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.
பெட்டி எங்கள் காலடியில் திறந்து கிடந்தது.

பழைய டயரைச் சுவரில் சாத்தி
மற்றதை ஏற்றினோம், மூன்று நெம்புகோலால்.
முழங்காலுக்கு வேலையில்லை.
காற்றுக்குழாயின் முழு நீளத்துக்கும் தள்ளி நின்று
அமுக்கத்தைக் கூட்ட,
ஒரு பக்கம் வெடித்து அமர்ந்தது.
மற்றப் பக்கம் நெடுநேரம் யோசித்தது.

மாலையில் பெட்டியைக் கொண்டுபோனேன்.
துரு தடித்த மூன்றாவது பள்ளத்தில் முழுதாக இறங்கவில்லை,
மூடி ஒரு விரலளவு திறந்தபடி இருந்தது.
எங்கே இருந்தது என்று சொன்னேன்.
ஃபிரெடி என்ற பெயரை நான் எடுக்கவில்லை.

வெர்னர் துருவை நகத்தால் சுரண்டினார்.
நகத்தைப் பார்த்தார்.
பிறகு என்னோடு நடந்துவந்து,
டயரை ஒருமுறை உதைத்து,
"ஓட்டிப் பார்க்கலாமா?" என்று சாவியைக் கேட்டார்.

இறக்கத்தில் மிக மெல்லப் போனார்,
தலையைச் சக்கரத்தின் பக்கம் சாய்த்து.
ஒரு சத்தமும் இல்லை.
எதிர்ச்சரிவுக்குப் பாதை பிரியும் இடத்தில் நின்றார்.

நாங்கள் சங்கிலியைச் சுருட்டினோம்.
பீப்பாய்களை மூடினோம்.
கைகழுவி வந்தபோதும்
இயந்திரம் அங்கேயே நின்று உறுமிக்கொண்டிருந்தது.

"ஒரு மணித்தியாலம் ஓடியபின்
நட்டுகளை மறுபடி இறுக்கவேண்டும்" என்றாள் மிதிலா,
"அவரிடம் சொன்னாயா?"