மூன்று பாகத்து வெயில்

மதுரையிலிருந்து ஒன்று, கொச்சியிலிருந்து ஒன்று,
மூன்றாவது தூத்துக்குடி, அதில் தேதி இல்லை.
விளக்குக்கு வந்த கொட்டேஷன்கள்
ஈரக்காற்றில் ஓரம் சுருண்டு
மேசைமேல் கிடக்கின்றன.

எண்ணூறு லிட்டர் கண்ணாடித் தொட்டி வந்து ஒரு மாதம்.
உப்புத்தண்ணீர் தெளிந்துவிட்டது.
வனத்துறை அனுமதித்த ஒன்பது பவளத் துண்டுகளை
சிமெண்ட் வில்லைகளில் ஒட்டி
ஜன்னலோரச் சிறு தொட்டியில் காக்க வைத்திருக்கிறேன்.
ஜன்னல் கிழக்கு பார்த்தது.
பத்தரைக்குமேல் அவற்றுக்குப் பகல் கிடையாது.

இருபதாயிரம் கெல்வின் என்கிறது கொச்சி.
சூரியனே ஆறாயிரத்தைத் தொடவில்லை என்று
எப்போதோ படித்த ஞாபகம்.
அதைவிடச் சூடான, ஆனால் குளிர்ந்து தெரிகிற ஒரு நீலத்தை
சங்கிலியில் கட்டித் தொங்கவிடலாமாம்,
தண்ணீருக்கு ஒரு முழம் மேலே.
சங்கிலி இலவசம்.

(துருப்பிடிக்கும். மண்டபத்தில் எது துருப்பிடிக்கவில்லை?
போன வருஷம் மாட்டிய ட்யூப்லைட் பட்டியைக்
கையாலேயே பிய்த்து எடுத்தேன், அப்பளம் மாதிரி.)

மேடம் நீலம் என்கிறார்.
நீலத்தில்தான் பவளம் பச்சையாய் எரியும்,
பிள்ளைகள் போனில் படம் எடுக்கும்,
முப்பது ரூபாய் டிக்கெட்டுக்கு
ஏதாவது தெரிய வேண்டாமா பிரிட்டோ?
தெரிய வேண்டும்தான்.

ஒளி அளக்கும் கருவியை ஒரு கல்லூரியில் இரவல் வாங்கி
சகாய ரீகனின் வள்ளத்தில் தென்கடலுக்குப் போனேன்.
கச்சான் ஓய்ந்து நாலு நாள்.
தண்ணீர் இன்னும் நீராகாரக் கலங்கல்.
ஒரு பாகத்தில் அறுநூற்றைம்பது.
இரண்டில் இருநூற்று இருபது.
மூன்றில், பார் தொடங்குகிற இடத்தில்,
எழுபது; ஒரு அலை கடந்தால் நூறு;
வள்ளத்தின் நிழல் ஏறினால் இருபது.
எந்த எண்ணை எழுதுவது?
பலகையில் மூன்றையும் எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

இடுப்பில் ரீகனின் சிவப்புத் துண்டு.
மேலே அது கட்சிக்கொடிச் சிவப்பு.
கீழே பழைய செங்கல்.
பவளமோ அங்கே பச்சையாய் எரியவில்லை.
பழுப்பு. கருப்பட்டிப் பழுப்பு.
உள்ளே குடியிருக்கும் பாசியின் நிறம் அது,
வெயிலைச் சமைத்து
வீட்டுக்காரருக்கும் ஒரு தட்டு வைக்கிற பாசி.
சித்திரையில் கடல் கொதித்த ஒரு வருஷம்
குடியிருந்தவை எல்லாம் வெளியேறி
இதே பார் சுண்ணாம்பு அடித்த சுவராய் நின்றது.
அன்றைக்கு வெளிச்சத்துக்கு ஒரு குறையும் இல்லை.

"என்னண்ணே, வெயில எடை போட்டாச்சா?"
வள்ளத்தைப் பிடித்து நான் ஏறும்போது கேட்டான் ரீகன்.
தராசு நிற்கவே மாட்டேன் என்கிறது என்றேன்.
மூன்று லிட்டர் டீசலுக்குக் கணக்குச் சொன்னான்.

தூத்துக்குடிக்காரருக்குப் போன் போட்டேன்.
வெள்ளைக்கு ஒரு திருகு, நீலத்துக்கு ஒரு திருகு,
தனித்தனியாய் வருமா?
வரும் சார்.
மெதுவாய் ஏறி மெதுவாய் இறங்குமா?
இறங்கும் சார், முழு இருட்டு வரைக்கும்.
நடுவில் மேகம் மாதிரி ஏதாவது...
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
மேகத்துக்கு நாலாயிரம் கூட ஆகும் என்றார்.

மேகம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன்.
அதை மின்வாரியம் பார்த்துக்கொள்ளும்.

இப்போது பதினொன்றிலிருந்து நாலு வரை நீலம்.
ராமேஸ்வரம் போகிற பஸ்கள் நிற்கின்றன,
பவளம் பச்சையாய் எரிகிறது,
கண்ணாடி முழுக்க மூக்குத் தடங்கள்.
நாலரைக்கு நீலத்தைக் குறைத்து வெள்ளையைக் கொஞ்சம் ஏற்றுகிறேன்.
கருவியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.
துண்டை இன்னும் கொடுக்கவில்லை.
தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் அதைத் தொங்கவிட்டு
செங்கல் நிறம் வரும்வரை திருகுகிறேன்.

எட்டுத் துண்டுகள் விரிந்துவிட்டன.
ஏழாவது மட்டும்
இன்னும் வாய் திறக்கவில்லை.