லைட் டியூட்டி

தாடையை இதுல வைங்க, அசையாதீங்க
என்றார் டாக்டர் ஹெப்சிபா.
ஐந்து ரோடு ஆஸ்பத்திரியின் இருட்டறையில்
ஒரு கீற்று வெளிச்சம் என் வலது கண்ணுக்குள் நுழைந்தது.
அது போன வழி அவருக்குத் தெரிந்தது.
தெரியக் கூடாதாம்.

தெளிந்த நீரில் வெளிச்சம் தடமில்லாமல் போகும்.
உங்க கண்ணில் அழற்சி, புரதம் கசிந்து நிற்கிறது,
அதான் கற்றைக்கு உடம்பு வந்திருக்கிறது.

எனக்கு விளக்க வேண்டியதில்லை.
பதினொரு வருஷமாக ஏற்காடு வண்டி ஓட்டுகிறவன்.
மார்கழி விடியலில் மூடுபனிக்குள் ஹெட்லைட் போட்டால்
சாலை தெரியாது, வெளிச்சம்தான் தெரியும்:
வண்டிக்கு முன்னால் படுத்துக் கிடக்கும்
இரண்டு வெள்ளைத் தூண்கள்.

ஊசியில் எடுத்தது ஒரு மிளகளவு.
ஒரு நடை மேலே ஏறுகிற நேரத்தில்
புதுசா ஊறிடும், பயப்படாதீங்க என்றார்கள்.
ஆய்வுக்குச் சம்மதக் கையெழுத்து கேட்டபோது
மருந்தில் விரிந்த பாவைக்கு எழுத்தெல்லாம் எறும்பு.
கண்டக்டர் செங்கோடன் என் விரலைப் பிடித்துக் கோட்டில் வைத்தான்.
பேர் போய், பதினேழு ஆனேன்.
பதினேழு ஐஸ் பெட்டியில் ஏறியது.

லேபில் இளவழகி என்றொரு பெண்.
ஒப்பிடுவதற்காக அடுத்த குழியில்
எடப்பாடியிலிருந்து கண்புரைக்கு வந்தவருடைய நீர்.
அவருக்கு நீர் தெளிவு, ஆடி மங்கல்.
எனக்கு ஆடி தெளிவு, நீர் மங்கல்.
இருவரையும் சேர்த்தால் ஒரு நல்ல கண் தேறும்.
மிச்சமுள்ள ஒன்றை யார் தலையில் கட்டுவது?

இன்டர்லியூக்கின்களுக்குப் பேர் கிடையாது, எண்தான்,
எங்கள் கொண்டை ஊசி வளைவுகளைப் போல.
ஆறு எகிறிக் கிடக்கிறது. எட்டும்.
போதும், அடங்கு என்று சொல்கிற ரகமாம் பத்து,
அது எழும்பவே இல்லை.
(ஆறாவது வளைவில், பிரேக் போன சில்வர் ஓக் லாரிக்கு
ஒதுங்கி நின்ற ராத்திரி ஞாபகம் வந்தது.
இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

எதனால வந்துச்சு மேடம்?
எரியுதுன்னு இந்த எண்கள் சொல்லும்,
கொளுத்தினது யாருன்னு சொல்லாது.
எக்ஸ்ரே எடுங்க, ரத்தம் குடுங்க, தேடுவோம்.

டெப்போவில் லைட் டியூட்டி கொடுத்தார்கள்,
வெளிச்சம் ஆகாதவனுக்கு.
கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு
டயர் நம்பர் எழுதுகிறேன்.
இந்தச் சிலேடையைச் சொன்னால்
கிளை மேலாளர் சிரிக்கவில்லை.

மணிக்கொரு சொட்டு ஆறு வேளையாகக் குறைந்த மறுநாள்
பயணியாக ஏறி உட்கார்ந்தேன்.
ஸ்டீயரிங்கில் புதுப் பையன்.
கண்ணை மூடி, உடம்பு சாய்வதை வைத்தே எண்ணினேன்.
பதினெட்டில் திறந்தேன்.
எல்லாம் வெள்ளை.

செங்கோடா, இது மலையிலயா, என் கண்ணுலயா?

அவன் உடனே பதில் சொல்லவில்லை.
ஜன்னலைக் கையால் துடைத்து, வெளியே எட்டிப் பார்த்து,
மலையிலதாண்ணே என்றான்.

பையன் ஹை பீம் போட்டான்.
மூன்று பேரும் கண்ணைச் சுருக்கினோம்.
டிம் பண்ணுப்பா, என்றேன், டிம் பண்ணு.