உயராத கொடி

ஏழு ஊர்களின் பெயரைத்
துண்டுக் காகிதங்களில் எழுதி
சுரங்கத் தொப்பிக்குள் போட்டுக் குலுக்கினார்கள்.
ஒற்றைப்படை. கடைசியாய்த் தொப்பியில் தங்கிய கார்ல்பெக்குக்கு
முதல் சுற்றில் ஆட்டமே இல்லை.
"ஓடாமலே ஜெயிச்சிட்டானுங்க" என்று
மதுக்கடையில் சிரித்தார்கள்.
மாவட்டக் கோப்பைக்கு ஒரே சட்டம்:
தோற்றவன் வீட்டுக்கு.

வார நாளில் நான்
ரயில் நிலையத்தில் சீட்டுக் கொடுப்பவன்.
சனிக்கிழமை பக்கக்கோட்டை ஒட்டி ஓடுபவன்.
கையில் மஞ்சள் கொடி,
மனைவி பழைய திரைச்சீலையில் வெட்டித் தந்தது.

மோஸ்ரிக்கில் காற்று.
உதைத்த பந்து கம்பத்துக்கு மேலே போய்
மனம் மாறித் திரும்பி வந்தது.
இன்னொன்று கடலுக்குப் போனது, வரவில்லை.
ஐந்துக்கு ஐந்து.
புதன்கிழமை அந்தியில் மறு ஆட்டம்.
சுரங்கத்திலிருந்து நேரே வந்தவர்கள்
குளிக்க நேரமில்லாமல் இறங்கினார்கள்.
கண்ணோரமெல்லாம் கரி,
மை தீட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தது போல.
இருட்டில் யார் எந்த அணியென்று
அவர்களுக்கே தெரியவில்லை.
எனக்கும்தான்.

பிறகு அரையிறுதி.
கார்ல்பெக், ஆல்டர்பி.
காலை முதல் மழை.
கோடு போட்ட சுண்ணாம்பு கரைந்து
கஞ்சி சிந்தியது போல் கிடந்தது.
ஆல்டர்பி ஏழு, கார்ல்பெக் ஐந்து,
இன்னும் நான்கு நிமிடம்.
பந்து லான்ட்டி பியூஷர் கைக்கு வந்தது.
ஒல்லியன். என் பக்கமாகவே ஓடி வந்தான்,
மூச்சு என் காதில் கேட்டது.
குறுக்கே வந்தான் ஜோனா ஃபியரன்,
ஆல்டர்பியின் கடைசிக் காவல்.
மூலையில் இருவரும் சேர்ந்து சரிந்தார்கள்.
சேற்றுக்குள் ஒரு கால்.

நடுவர் என்னைப் பார்த்தார்.
கூட்டம் என்னைப் பார்த்தது.
கொடி நனைந்து கனத்தது என்று
பிறகு மனைவியிடம் சொன்னேன். பொய்.
கால் கோட்டைத் தொட்டது.
தொட்டதா?
நான் நினைத்து முடிப்பதற்குள்
விசில் ஊதிவிட்டது.
எட்டுக்கு ஏழு.

இறுதியாட்டம் யாருக்கும் நினைவில்லை.
பத்தொன்பதுக்கு நான்கு.
ஒடுங்கிய மூக்கோடு ஒரு வெள்ளிக் கோப்பை
தோளுக்குத் தோள் போனது.
கோட்டு நடுவர்களுக்கும் பதக்கம் தந்தார்கள்.
கிழிந்த சீட்டுகள் போடும் அறையில்
அதையும் போட்டு மூடினேன்.

ஜோனா ஆடியது ஆல்டர்பிக்கு,
பெண் எடுத்துக் குடியேறியது எங்கள் ஊரில்.
அரையிறுதி முடிந்த திங்கட்கிழமை
ஐந்தேமுக்காலுக்கு ஜன்னலில் வந்து நின்றான்.
"ஆல்டர்பி. போக, வர."
அவ்வளவுதான்.
செவ்வாயும் அதே.
மழைக்காலம் முழுக்க, பனிக்காலம் முழுக்க
போக, வர. போக, வர.
நான் ஒவ்வொரு காலையும்
ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.
அவன் கேள்வியைக் கொண்டு வரவே இல்லை.
திட்டியிருந்தால் தேவலை.

மார்ச்சில் ஒருநாள்
தகரப் பெட்டி, மனைவி, தூங்கும் குழந்தையோடு வந்தான்.
"லிவர்பூல். போக மட்டும்."
அங்கிருந்து கப்பல். ஆஸ்திரேலியா.
சீட்டை நீட்டினேன், கையை எடுக்கவில்லை.
"அந்தக் கால்..." என்றேன்.

சில்லறையை எண்ணிக்கொண்டே சொன்னான்:
"வெளியதான் இருந்துச்சு.
ஆனா என் முழங்கை அவன் தாடையில இருந்துச்சே,
அதையும் நீ பாக்கல."

அரைப் பென்னி குறைகிறது என்றான்.
கொடுத்தேன்.

வண்டி ஒன்பது நிமிடம் தாமதம்.
கரும்பலகையில் எழுதப் போனேன்.
வெளியே தூறல்.
எழுத எழுத எண் கரைந்தது,
சுண்ணக்கட்டி
விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது.